ஆம்ப் முதலில், பெடல் பிறகு

விருதுநகரின் பங்குனிப் பொங்கலும் இருக்கன்குடியின் ஆடிக் கடைசி வெள்ளியும் பெயர்பெற்றவை. அவற்றைச் சுற்றி, அச்சங்குளம் போன்ற ஊர்களிலும் கோயில் பொங்கல் என்றால் மேடை போட்டு மெல்லிசைக் கச்சேரி வைப்பது வழக்கம். அந்த மேடைக்குக் கிட்டார்க்காரர் பெரும்பாலும் ஆம்ப் கொண்டுவருவதில்லை. பையில் இரண்டு மூன்று பெடல்களோ ஒரு மல்டி எஃபெக்ட்ஸ் ப்ராசஸரோ இருக்கும். அதிலிருந்து ஒரு வயர் நேரே மைக்செட்காரரின் மிக்சருக்குப் போகும். டிஸ்டார்ஷன் பெடலை மிதித்ததும் காதைக் கீறும் இரைச்சல் வந்தால், பழி பெடலின்மேல் விழுகிறது. கச்சேரிப் பணம் கைக்கு வந்ததும் வேறொரு பெடல் வாங்கப்படுகிறது. இரைச்சல் மட்டும் மாறுவதில்லை. பெடல், ஆம்ப், ஸ்பீக்கர் மூன்றும் சேர்ந்துதான் ஒரு கருவி என்பதை மறந்துவிடுவதால் வரும் வினை இது. நல்ல டோன் வேண்டுமென்றால் கவனமும் செலவும் ஸ்பீக்கர் பக்கமிருந்து தொடங்க வேண்டும்.

காரணம் எளிது. டிஸ்டார்ஷன் பெடல் ஒலியலையின் முகட்டை வெட்டுகிறது. வெட்டிய இடத்தில் புதிதாக ஏராளமான மேல்சுரங்கள் பிறக்கின்றன. அவற்றில் பாதி இனிமை, பாதி கரகரப்பு. கிட்டார் ஆம்பில் இருக்கும் 12 அங்குல ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒலியைச் சரசரவென்று குறைத்துவிடும். அந்தக் குறைதான் கரகரப்பை வடிகட்டுகிறது. மைக்செட் ஸ்பீக்கரோ பாடகரின் குரல் தெளிவாகக் கேட்பதற்காகச் செய்யப்பட்டது. 15,000 ஹெர்ட்ஸ் வரைகூட ஒளிக்காமல் கொட்டிவிடும். ஒரே பெடல், ஒரே விரல், ஒரே பாட்டு. ஆனால் ஒன்றில் கிட்டார் பாடுகிறது, மற்றொன்றில் அலறுகிறது.

பெடல்களின் வரலாறும் இதையே சொல்கிறது. ட்யூப் ஸ்க்ரீமர் பெடல் அடித்தொனியைக் குறைத்து, 720 ஹெர்ட்ஸை ஒட்டிய நடுத்தொனியைத் தூக்கிக் கொடுக்கும். நடுத்தொனி சற்றுப் பள்ளமாக இருக்கும் ஃபெண்டர் ஆம்போடு அது பொருந்திப்போவது அதனால்தான். ஏற்கெனவே ஒலி உடையும் நிலையில் இருக்கும் வால்வு ஆம்பின் முன்னால் அந்தப் பெடலின் கெயினைக் குறைத்து லெவலை ஏற்றி வைத்தால், ஆம்பே முறுக்கேறிப் பாடும். அதே அமைப்பைச் சுத்தமான டிரான்சிஸ்டர் ஆம்பில் வைத்தால் சத்தம் மட்டும்தான் கூடும். அங்கே கெயினைக் கூட்டி, டோன் குமிழைக் குறைத்தாக வேண்டும். கோரஸ் பெடலின் பிறப்போ இன்னும் தெளிவான சான்று. 1975இல் வந்த ரோலண்ட் ஜேசி-120 ஆம்புக்குள் இருந்த சுற்றுதான், மறு ஆண்டு பாஸ் சிஇ-1 என்ற தனிப் பெடலாக வெளியே வந்தது.

“ப்ராசஸர் எல்லாவற்றையும் செய்துவிடுமே, ஆம்ப் எதற்கு?” என்று கேட்கலாம். செய்யும்தான். அதற்குள் ஆம்பின் நகலும் ஸ்பீக்கர் பெட்டியின் நகலும் இருப்பதால்தான் செய்கிறது. மிக்சருக்குப் போகும்போது பெட்டியின் நகலை இயக்க வேண்டும். உண்மையான ஆம்புக்குப் போகும்போது அணைக்க வேண்டும். இதை மாற்றிச் செய்தால் முதலாவதில் கரகரப்பு, இரண்டாவதில் மூடிய பானைக்குள்ளிருந்து வரும் ஒலி. “டோன் விரலில் இருக்கிறது” என்பது இன்னொரு வாதம். உண்மைதான், ஆனால் கெயினை அளவுக்கு மீறி ஏற்றினால் மெல்லிய மீட்டலும் அழுத்தமான மீட்டலும் ஒன்றாகிவிடும், விரலின் வித்தை வெளியே தெரியாது. ‘மூடுபனி’ (1980) படத்தின் ‘என் இனிய பொன் நிலாவே’ பாட்டுக்குத் தேவைப்படும் தெளிந்த மீட்டல் எந்த எஃபெக்டிலும் ஒளிய முடியாது. அந்தக் கிட்டார் இசையை மனப்பாடமாக வைத்திருக்கும் ஊர் மக்கள், “ரசிகருக்கு வித்தியாசம் தெரியாது” என்ற சமாதானத்தையும் ஏற்கமாட்டார்கள்.

பணத்தின் கதை வேறு. வால்வு ஆம்ப் விலை அதிகம், பாரம் அதிகம், ஜெனரேட்டர் மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்துக்கும் பயப்பட வேண்டும். அது கட்டாயமில்லை. சிறிய டிரான்சிஸ்டர் ஆம்ப் ஒன்றை வைத்து, அதன் ஸ்பீக்கருக்கு முன்னால் ஒரு மைக் நிறுத்தினாலே பாதி வேலை முடிந்துவிடும். பெடல்களையெல்லாம் கழற்றிவிட்டு முதலில் வெறும் கிட்டாரின் ஒலியைச் சரிசெய்யுங்கள். பிறகு வா-வா பெடல், ஓவர்டிரைவ்; அதற்குப் பின் கோரஸ், டிலே, ரிவெர்ப் என்று ஒவ்வொன்றாகச் சேருங்கள். ஒரே அடாப்டரில் எல்லாப் பெடலையும் தொங்கவிட்டால் இரைச்சல் புகும் என்பதையும் நினைவில் வையுங்கள். கச்சேரி தொடங்குமுன் மைக்செட் அண்ணனிடம் அரை மணி நேரம் கேட்டு வாங்கி, கிட்டாருக்கு ட்ரெபிளைக் குறைக்கச் சொல்லுங்கள். புதுப் பெடலுக்குக் காசு சேர்க்கும் தம்பி தங்கைகளே, அந்தக் காசை முதலில் ஆம்புக்குப் போடுங்கள்; கையில் இருக்கும் பழைய பெடலே போதும் என்று அப்போது தெரியவரும்.