செம்பட்டைக்கு ஒரு பிரெஞ்சுப் பெயர்

நாள் முழுக்க வெயிலில் விளையாடிவிட்டு வரும் பிள்ளையின் தலையைப் பார்த்து, "முடியெல்லாம் செம்பட்டையாப் போச்சே, எண்ணெய் வைக்க விடுறியா நீ?" என்று அம்மா திட்டுவது அநேகமாக எல்லார் வீட்டிலும் நடந்திருக்கும். அதே செம்பட்டையை அளவாக வரைந்து தர இன்று அழகு நிலையங்களில் ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்கள். அதற்குப் பெயர் பாலயாஜ்!

பிரெஞ்சு மொழியில் 'பாலயே' என்றால் துடைப்பத்தால் கூட்டுவது. 1970களில் பாரிஸில் வளர்ந்த முறை இது. தலையில் ஓட்டைகள் போட்ட ரப்பர் தொப்பியை மாட்டி, கொக்கி ஊசியால் முடியை வெளியே இழுத்து நிறம் மாற்றுவது இன்னொரு முறை. அலுமினியத் தாளில் முடியை மடித்து வைப்பதும் உண்டு. இவற்றில் பெரும்பாலும் வேரிலிருந்தே நிறம் மாறிவிடும். இரண்டு மாதத்தில் கருப்பு வளர்ந்து, கோடு போட்டதுபோல் காட்டிக்கொடுத்துவிடும்.

பாலயாஜில் கையும் பிரஷ்ஷும்தான். வேர்ப்பக்கம் பட்டும் படாமலும், நுனியில் நன்றாகத் தோயும்படியும் மேலாக இழுத்துவிடுவார்கள். முகத்தை ஒட்டிய முடிக்கும் மேல் அடுக்குக்கும்தான் அதிகம் பூசுவார்கள். அடியில் இருப்பதை அப்படியே விட்டுவிடுவார்கள்.

ஏன் இப்படி? வெயில் செய்வதும் இதைத்தானே! முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. அப்படியானால் 40 சென்டிமீட்டர் கூந்தலின் நுனிக்கு வயது மூன்றுக்கும் மேல். அத்தனை நாள் வெயில் பட்ட நுனி வெளுத்திருக்கும், நேற்று முளைத்த வேர் கருப்பாக இருக்கும். இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டு பூசினால் இயற்கையாகத் தெரியும்.

இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. பிரஷ்ஷில் இருப்பது பழுப்பு நிறமோ தங்க நிறமோ அல்ல, நிறத்தை எடுக்கும் மருந்து. வெளுப்புத் தூளும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்த அந்தக் கலவை, முடிக்குள் புகுந்து மெலனின் என்ற நிறமியைச் சிதைக்கிறது. கருப்பு முடி நேராகத் தங்க நிறத்துக்குப் போகாது. சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் என்று படிப்படியாகத்தான் வெளுக்கும். பாதியில் நிறுத்தினால் செங்கல் நிறம்தான் மிஞ்சும். அதை மறைக்க டோனர் என்று ஒரு மென்சாயம் பூசுவார்கள். தலைக்குக் குளிக்கக் குளிக்க அது கரைந்து, சில வாரங்களில் செங்கல் மறுபடி எட்டிப் பார்க்கும். "ஒருமுறை செய்தால் போதும், பராமரிப்பே வேண்டாம்" என்பது பாதிதான் உண்மை. வேர்க்கோடு தெரியாது, டோனருக்கு மட்டும் திரும்பப் போகவேண்டும்.

அதனால் கருங்கூந்தல்காரர்கள் வெளிநாட்டு நடிகையின் படத்தைக் காட்டி "இதேபோல் வேண்டும்" என்று கேட்பதில் அர்த்தமில்லை. அந்த நடிகையின் முடி பிறப்பிலேயே இளம்பழுப்பாக இருக்கலாம். காப்பிக்கொட்டை நிறத்தோடு, இரண்டு மூன்று படியில் நிறுத்திக்கொண்டால் இயற்கையாகவும் இருக்கும், முடியும் அதிகம் கெடாது.

முன்பு தலையில் என்ன தடவியிருந்தாலும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். கடையில் விற்கும் சில மருதாணிப் பொடிகளிலும் சாயங்களிலும் உலோக உப்புகள் இருப்பதுண்டு. பெராக்சைடு பட்டால் அவை சூடேறி, முடி பொடிந்து கையோடு வரலாம். உள்பக்கத்தில் ஒரு சிறு கற்றையை வெட்டி முதலில் சோதித்துப் பார்ப்பது நல்லது. டோனரோ சாயமோ ஒத்துக்கொள்ளுமா என்பதை 48 மணி நேரம் முன்பே தோலில் சிறிது தடவிப் பார்த்துவிட வேண்டும். வெட்கப்படாமல் கேட்கலாம். சோதனை வேண்டாம் என்று அவசரப்படுத்தும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுவதே மேல்.

ஏனென்றால், வெளுத்த இழையில் பழைய கருப்பு திரும்ப வராது. புதிதாக முளைத்து வந்தால்தான் உண்டு. அதுவரை உடையாமல் காப்பாற்ற வேண்டும். அதற்கு எது உதவும்? 2003இல் இந்திய ஆய்வாளர்கள் சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில், தேங்காய் எண்ணெய் மூன்றையும் வெளுத்த முடி உட்படப் பலவகை முடியில் சோதித்தார்கள். முடியின் புரத இழப்பைக் குறிப்பிடத்தக்க அளவு குறைத்தது தேங்காய் எண்ணெய் ஒன்றுதான்.

செம்பட்டையைப் பார்த்ததும் அம்மா எண்ணெய்க் கிண்ணத்தைத் தேடியது சும்மா இல்லை!