ஒரு தேக்கரண்டி தண்ணி

லண்டனில இருக்கிற சித்தப்பா ஊருக்கு வரேக்க ஒரு போத்தல் சிங்கிள் மோல்ட் விஸ்கி கொண்டுவருவார். ஒருமுறை மாமா அதுக்குள்ள கோலாவை ஊத்தினதுக்கு அவர் போட்ட சத்தம் இன்னும் ஞாபகம். "12 வருசம் பீப்பாவுக்குள்ள கிடந்த சாமான். இதுக்கு ஏன் சீனித்தண்ணி?"

சிங்கிள் மோல்ட் என்பது ஒரே வடிசாலையில், முளைகட்டிய பார்லியை மட்டும் கொண்டு, செப்பு வாலைகளில் வடிப்பது. ஸ்கொட்ச் என்று பெயர் வைக்க, ஸ்கொட்லாந்திலேயே குறைந்தது 3 வருடம் ஓக் பீப்பாவில் கிடக்கவேண்டும்.

குடிக்கிற முறையும் சித்தப்பா சொல்லித் தந்ததுதான். வாய் ஒடுங்கின கிளாஸ், 25 மில்லி காணும். ஐஸ் வேண்டாம், குளிருக்கு மணம் அடங்கிப் போகும். முதல் மணக்கவேணும். பிறகு ஒரு சின்ன மிடறு, வாய்க்குள்ள வைச்சிருந்து விழுங்கவேணும். அதுக்குப் பிறகு ஒரு தேக்கரண்டி தண்ணி விட்டுத் திரும்ப மணந்தால் வேற விஸ்கி மாதிரி இருக்கும். இது கதையில்லை. புகைமணம் தருகிற குவாயகோல், தண்ணீர் சேரும்போது மேற்பரப்புக்கு வருகிறது என்று 2017இல் சுவீடன் ஆய்வாளர்கள் கணினி மாதிரி மூலம் காட்டியிருக்கிறார்கள்.

21 வயசுக்குப் பிறகு நான் ருசி பார்த்தது மூன்றுதான். ஸ்பேசைட் பகுதியின் கிளென்லிவெட் 12: அப்பிள், தேன், புகையே இல்லை. ஸ்கை தீவின் டலிஸ்கர் 10: மிளகும் கடலுப்பும், 45.8 சதவீதம், தண்ணி கட்டாயம். எனக்குப் பிடிச்சது இதுதான். மூன்றாவது, ஐலா தீவின் லகவூலின் 16. அங்கே சதுப்பு நிலத்தில் வெட்டி எடுக்கிற பீற் கரியை எரித்து, அந்தப் புகையில் பார்லியை உலர்த்துவார்கள்.

லகவூலின் வந்த அண்டு அப்பாவையும் கூப்பிட்டு இருத்தினன். அப்பா குடிக்கிறவர். பின்னேரம் கிணத்தடியில நிண்டபடி, சாராயத்தை ஒரே இழுவையில் விழுங்கிப்போட்டு வருவார். அம்மாவுக்குத் தெரியக்கூடாதாம். அம்மாவுக்கு எல்லாம் தெரியும்.

முறைப்படி ஊத்தி, தண்ணி விட்டுக் குடுத்தன். புகை, அயடின் என்று ரசிகர்கள் புகழுகிற வாசம் அது. அப்பா மணந்தார். கிளாஸைக் கீழே வைச்சார்.

"எரிஞ்ச வீடு மணக்குது. ஆசுபத்திரியும் மணக்குது."

பிறகு 95ஆம் ஆண்டு இடம்பெயர்வைப் பற்றிக் கதைச்சார். காயப்பட்ட பெரியப்பாவோட ஆசுபத்திரியில் இருந்த இரண்டு இரவுகள். பெரியப்பா திரும்பி வரேல்ல எண்டு மட்டும்தான் எனக்கு அதுவரை தெரியும். சித்தப்பா அப்ப லண்டனில. அவரும் முழுக்கதையை அண்டைக்குத்தான் கேட்டார். கிளாஸை அப்பா திரும்பத் தொடவேயில்லை.

ஆறுதலாக மணந்து குடி என்று சொல்லுறது சுகம். மணக்கக்கூடாது எண்டுதான் சில பேர் ஒரே இழுவையில் குடிக்கினம் போல. அடுத்த நாள் பின்னேரமும் அப்பா கிணத்தடிக்குப் போனார். நான் ஒண்டும் சொல்லேல்ல.

அடுத்த முறைக்குச் சித்தப்பாவிட்ட கிளென்லிவெட்தான் சொல்லியிருக்கிறன். புகை இல்லாதது. விறாந்தையில இரண்டு கதிரை, ஒரு செம்பு தண்ணி. வருவாரோ தெரியாது, கூப்பிட்டுப் பாப்பம்.