நிறுத்திடுங்க என்று சொன்னேன்

சேலையூர் கேம்ப் ரோட்டை ஒட்டிய தெரு ஒன்றில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன். டி.ஃபார்ம் படித்தவன். கல்லாவுக்குப் பின்னால் சுவரில் என் பெயரில் லைசென்ஸ் மாட்டியிருக்கிறது. அந்த லைசென்ஸ் எனக்குத் தராத அதிகாரத்தை நானே எடுத்துக்கொண்டேன். அதனால் ஒரு பெண்மணியின் உடம்பு கெட்டது, பேர் கெட்டது, கை எலும்பு முறிந்தது. நடந்ததை முழுவதும் சொல்கிறேன். எனக்குச் சாதகமானதை முதலில் சொல்லி மற்றதை விழுங்கிவிடும் பழக்கம் எனக்கு உண்டு. அதை இங்கே செய்யமாட்டேன்.

அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுவேன். ராஜகீழ்ப்பாக்கத்தில் வீடு. பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றவர். பகலெல்லாம் நன்றாக இருப்பார். ராத்திரி படுத்த கொஞ்ச நேரத்தில் முழங்காலுக்குக் கீழே, எலும்புக்குள்ளே, நமநமவென்று ஒரு குடைச்சல் தொடங்கும். வலி என்று சொல்ல முடியாது, சும்மா இருக்கவும் விடாது. காலை ஆட்டினால் அடங்கும், நிறுத்தினால் திரும்ப வரும். எழுந்து ஹாலில் நடப்பார். மொசைக் தரையில் வெறுங்காலை அழுத்தி அழுத்தி வைத்து நிற்பார். விடியற்காலையில்தான் கண் அசரும். வாயு என்றார்கள், சத்துக்குறைவு என்றார்கள். வருஷக்கணக்கில் எண்ணெய் தேய்த்தார்.

கடைசியில் நகரத்துக்குள் ஒரு நரம்பியல் டாக்டரிடம் போனார். ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் என்று சொல்லி, பிரமிபெக்சோல் 0.125 மில்லிகிராம், ராத்திரி படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் ஒன்று என்று எழுதினார் அவர். கீழே இன்னும் இரண்டு வரி இருந்தது. ஃபெரிட்டின் டெஸ்ட் எடுத்து வரவும். மூன்று மாதத்தில் வரவும்.

சீட்டை நீட்டி டீச்சர் என்னிடம் கேட்டார், "இந்த டெஸ்ட் அவசியமா தம்பி?"

ஹீமோகுளோபின் எவ்வளவு என்று கேட்டேன். பன்னிரண்டு என்றார். "அப்ப ரத்தம் நல்லாத்தான் இருக்கு டீச்சர், அதெல்லாம் வீண் செலவு" என்றேன். ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே, ஃபெரிட்டின் காட்டும் உடம்பின் இரும்புச் சேமிப்பு வற்றிப் போயிருக்கலாம் என்பதும், மூளைக்குப் போதிய இரும்பு கிடைக்காததுதான் இந்த நோயின் வேர்களில் ஒன்று என்பதும் எனக்கு அன்று தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. கேட்டவுடன் பதில் சொல்பவன் என்ற பேரில்தான் என் கடை ஓடிக்கொண்டிருந்தது.

மாத்திரை உடனே வேலை செய்தது. எத்தனையோ வருஷம் கழித்து விடிய விடியத் தூங்கினேன் என்று டீச்சர் கடைக்கு வந்து சொன்னார். எழுதிக் கொடுத்தவர் டாக்டர். நன்றியை வாங்கிக்கொண்டவன் நான்.

மூன்று மாதம் ஆனது. அவர் டாக்டரிடம் போகவில்லை. நான் பழைய சீட்டுக்கே மருந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். மறுபடி கொடுக்கலாம் என்று டாக்டர் எழுதியிராத சீட்டுக்கு இரண்டாம் தடவை மருந்து கொடுக்கக் கூடாது என்று மருந்து விதிகளில் 65-ஆவது விதி சொல்கிறது. பரீட்சைக்கு மனப்பாடம் செய்து எழுதிய விதி அது. மாத்திரை அட்டையின் பின்புறம் சிவப்பில் ஆர்எக்ஸ் என்று அச்சடித்திருக்கும். அட்டையைக் கத்தரிக்கும்போதெல்லாம் அந்தச் சிவப்பு என் கட்டைவிரலுக்குக் கீழேதான் இருந்தது.

பிறகு ஒரு நாள் சாயங்காலம். கடையில் கூட்டம். டீச்சர் ஓரமாக நின்று, ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி எடையை மாற்றிக்கொண்டிருந்தார். "தம்பி, ராத்திரி வந்துட்டிருந்தது இப்ப ஆறு மணிக்கே ஆரம்பிச்சிடுது. மறுபடி டாக்டர்கிட்ட போகணுமா? ட்ரெயின்ல உக்காந்து வர முடியல. தாம்பரத்துல ஏறினா எழும்பூர் வரைக்கும் நின்னுக்கிட்டே போறேன். அங்க போயி வேற ரெண்டு மணி நேரம் உக்காரணும்."

இந்த இடத்தில் நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டும். போங்க டீச்சர், கண்டிப்பாகப் போங்க என்று சொல்லியிருக்க வேண்டும். அவ்வளவுதான் என் வேலை. நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னால் தீர்த்து வைக்க முடியும் என்று காட்ட ஆசைப்பட்டேன். "டோஸ் பத்தலை. ஒண்ணுக்கு ரெண்டா போடுங்க, சரியாயிடும்" என்றேன். ரெண்டு அட்டை கொடுத்தேன். பக்கத்தில் நின்ற ஒருவர், "இவருக்குத் தெரியாத மருந்தே கிடையாதும்மா" என்றார். நான் மறுக்கவில்லை. அந்தப் பேச்சு எனக்கு இனித்தது.

சரியானது. சில மாதத்துக்கு. பிறகு நாலு மணிக்கே குடைச்சல் வந்தது. 0.5 ஆக்கினேன். பிறகு மத்தியானச் சாப்பாடு முடிந்து உட்கார்ந்தாலே வந்தது. மத்தியானம் ஒரு 0.5, ராத்திரி ஒரு 0.5 என்றேன். ஒரு நாள் முழங்கையைத் தேய்த்துக்கொண்டே வந்தார். கையிலும் அதே நமநமப்பு.

இதை ஆக்மென்டேஷன் என்கிறார்கள். அமெரிக்காவில் ரிச்சர்ட் ஆலன், கிறிஸ்டோபர் எர்லி என்ற இருவர் 1996-லேயே இதை விவரித்து எழுதிவிட்டார்கள். முதலில் லெவோடோபாவில் கண்டார்கள். பிறகு பிரமிபெக்சோல், ரோபினிரோல் எல்லாவற்றிலும் தெரிந்தது. நோயை அடக்கும் மருந்தே நாளடைவில் நோயைக் கிளறிவிடும். நேரம் முன்னால் நகரும், வேகம் கூடும், கைக்குப் பரவும். டோஸை ஏற்றினால் கொஞ்ச நாள் அடங்கி, முன்னைவிட மோசமாக எழும். கடனை அடைக்கக் கடன் வாங்குவது போல. இதையெல்லாம் பிறகுதான் படித்தேன். ஆனால் படிக்காதவனுக்கும் கண்ணில் படுகிற மாதிரி அது நடந்தது. ஒன்பது மணி ஆறாகி, நாலாகி, மத்தியானமாகிக்கொண்டு வந்ததை அவர் வாயால் கேட்டவன் நான். ஒவ்வொரு தடவையும் நான் யோசித்தது அடுத்த டோஸைத்தான்.

அப்புறம் புடவை.

டீச்சரின் கணவர் அதிகம் பேசாத மனிதர். ஒரு நாள் கடை காலியாக இருந்த நேரம் பார்த்து வந்தார். "ஒரு விஷயம் கேக்கணும் தம்பி. இவ ராத்திரியெல்லாம் போன்ல லைவ் சேல் பாத்து புடவை வாங்குறா. பரண் முழுக்கப் பார்சல். பாதியைப் பிரிக்கவே இல்ல. ரெண்டு வளையலை அடகு வெச்சிருக்கா, எனக்குத் தெரியாது. நாப்பது வருஷத்துல இப்படி ஒரு நாள் செஞ்சதில்ல. பையன் போன்ல கத்திட்டான். வயசான காலத்துல புத்தி கெட்டுப்போச்சான்னு கேட்டான். அவ ஒண்ணுமே சொல்லல, அழுறா."

எனக்கு வயிற்றில் ஏதோ இறங்கியது. அவர் போன பிறகு மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளை முதல் தடவையாகப் பிரித்துப் படித்தேன். அதில் இருந்தது. இந்த வகை மருந்து சிலருக்குச் சூதாட்டம், அளவில்லாமல் வாங்குவது, அளவில்லாமல் சாப்பிடுவது போன்ற அடக்க முடியாத உந்துதலைத் தரலாம். அடுத்த பத்தியில் இன்னொன்றும் இருந்தது. மருந்தைத் திடீரென்று நிறுத்தக் கூடாது, படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

இரண்டையும் படித்தேன். இதை மறைத்துவிட்டால் இந்த வாக்குமூலம் எழுதியே பிரயோஜனமில்லை. இரண்டையும் படித்தேன்.

படித்துவிட்டு நான் நினைத்தது டீச்சரைப் பற்றி அல்ல. சீட்டு இல்லாமல் டோஸ் ஏற்றியவன் யார் என்று நாளை யாராவது கேட்டால் என்ன செய்வது என்று நினைத்தேன். மருந்து ஆய்வாளரை நினைத்தேன். லைசென்ஸை நினைத்தேன். படிப்படியாகக் குறைப்பது என்றால் டாக்டரிடம் அனுப்ப வேண்டும். அனுப்பினால் எத்தனை மில்லிகிராம், யார் கொடுத்தது என்று அவர் கேட்பார். அந்த மாத்திரை அந்த வீட்டிலிருந்து உடனே மறைந்தால் என் கை சுத்தம் என்று கணக்குப் போட்டேன்.

அன்று சாயங்காலமே போன் செய்தேன். "டீச்சர், அந்த மாத்திரை உங்களுக்கு ஒத்துக்கல. இன்னையிலேர்ந்து நிறுத்திடுங்க. மீதியைக் கொண்டுவந்து கொடுத்திடுங்க, பணத்தைத் திருப்பித் தர்றேன்."

"அப்படியே விட்டுடலாமா தம்பி? ஒண்ணும் ஆகாதே?"

"ஒண்ணும் ஆகாது" என்றேன்.

அன்று ராத்திரியே ஆனது. கால், கை, இடுப்பு எல்லாம் ஒரே குடைச்சல். பகலிலும் விடவில்லை. உட்கார்ந்து ஒரு வாய் சோறு சாப்பிட முடியாமல் நின்றபடியே சாப்பிட்டார். கூடவே வியர்வை, நெஞ்சுப் படபடப்பு, காரணமில்லாத பயம். தனியாக விடாதீங்க, எனக்கு என்னமோ ஆகப் போகுது என்று கணவரின் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாராம். இந்த வகை மருந்தை நிறுத்தும்போது வரும் இந்த அவதியை, பார்கின்சன் நோயாளிகளிடம் பார்த்து, ரபினாக், நிரன்பர்க் என்ற இருவர் 2010-ல் தனியாகவே விவரித்திருக்கிறார்கள். பதற்றம், பீதி, மனச்சோர்வு, வியர்வை, மருந்துக்கான ஏக்கம். ஒன்று விடாமல் டீச்சருக்கு இருந்தது.

கணவர் கடைக்கு ஓடி வந்தார். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். தூங்கினால் சரியாகிவிடும் என்று அவில் மாத்திரை கொடுத்து அனுப்பினேன். தூக்கம் தரும் அலர்ஜி மாத்திரைகள் இந்த நோயை இன்னும் கிளறும். தலை மயங்கும், கால் மட்டும் நிற்காது. அந்த வாரத்திலேயே ஒரு ராத்திரி, அரைத் தூக்கத்தில் ஹாலில் நடந்துகொண்டிருந்தவர் பூஜை அறை நிலைப்படி தடுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்தது. கரும்பலகையில் எழுதி எழுதி அழகு பெற்ற கையெழுத்து அவருக்கு. பல மாதம் கையெழுத்தே போட முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் கேட்டார்களாம், என்ன மருந்து, எவ்வளவு, எப்போது நிறுத்தினீர்கள் என்று. கணவர் அங்கிருந்தே எனக்குப் போன் செய்தார். நான் சொன்னது இது: "டாக்டர் எழுதினதுதான் சார் நான் கொடுத்தேன். அதுக்கு மேல டீச்சர் அவங்களா கேட்டு வாங்கினாங்க."

மேலே சொன்ன எல்லாவற்றையும்விட இந்த வாக்கியம்தான் கேவலமானது. கட்டிலில் கட்டுப்போட்ட கையோடு கிடந்தவர் மேல் நான் பழியைப் போட்டேன். ஏற்கெனவே புடவைப் பைத்தியம் என்று பேர் வாங்கியவர், இப்போது மாத்திரைப் பைத்தியமும் ஆனார்.

இரண்டு நாள்கூட அந்தப் பொய்யோடு இருக்க முடியவில்லை என்று சொல்ல ஆசைதான். அது நிஜமில்லை. அதற்கு மேலும் இருந்தேன். கடை திறந்தேன், வியாபாரம் செய்தேன். முழு விவரம் தெரியாமல் மருந்தை மாற்ற முடியாது என்று நரம்பியல் டாக்டர் சொல்லிவிட்டார் என்று கேள்விப்பட்ட பிறகுதான் பில்லிங் கம்ப்யூட்டரைத் திறந்தேன். தேதி, மில்லிகிராம், எத்தனை அட்டை, எல்லாம் அதில் இருந்தது. பிரிண்ட் எடுத்து, ஒவ்வொரு டோஸுக்கு எதிரிலும் "நான் சொல்லி ஏற்றியது" என்று பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போட்டு, கணவரோடு நானும் போனேன்.

டாக்டர் என்னைத் திட்டவில்லை. தாளைப் படித்துவிட்டு வேலையைப் பார்த்தார். முதலில் பிரமிபெக்சோலைப் பாதி அளவில் திரும்ப ஆரம்பித்தார், உடம்பு நிலைக்கு வரட்டும் என்று. பழைய சீட்டில் எழுதியிருந்த ஃபெரிட்டினை எடுக்கச் சொன்னார். 14 என்று வந்தது. இந்த நோய் உள்ளவர்களுக்கு 75-க்குக் கீழே இருந்தாலே இரும்பு கொடுக்க வேண்டும் என்றார். ஃபெரிக் கார்பாக்சிமால்டோஸ் ஊசியை ட்ரிப்பில் ஏற்றினார்கள். அது வேலை செய்யச் சில வாரம் ஆகும் என்பதால் அவசரப்படவில்லை. கிரியாட்டினின் பார்த்துவிட்டு ப்ரீகேபலினைச் சிறு அளவில் ராத்திரிக்குச் சேர்த்தார். அதில் தலைச்சுற்றல் வரும், விழ வாய்ப்புண்டு, ராத்திரி எழுந்தால் கூட ஆள் வேண்டும், அதையும் ஒரு நாளும் சட்டென்று நிறுத்தக் கூடாது என்று கணவரிடம் இரண்டு தடவை சொன்னார். இரும்பும் ப்ரீகேபலினும் பிடித்த பிறகே பழைய மருந்தில் 0.125 குறைத்தார். சில வாரம் பொறுத்து இன்னொரு 0.125. குறைக்கும் ஒவ்வொரு தடவையும் சில ராத்திரிகள் மோசமாகும், பிறகு அடங்கும், பயந்து மாத்திரையை ஏற்றிவிடாதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லி வைத்தார். அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2025-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் பிரமிபெக்சோல் வகையை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றும், இரும்பையும் ப்ரீகேபலின், கேபபென்டின் வகையையும் முன்னால் வைக்கச் சொல்லியும் இருக்கிறது. சீட்டின் அடியில் இருந்த அந்த இரண்டு வரியை நான் மதித்திருந்தால் இதெல்லாம் ஆரம்பத்திலேயே நடந்திருக்கும்.

டோஸ் இறங்க இறங்கப் புடவை வாங்குவது நின்றது. யாரும் புத்தி சொல்லவில்லை. தானாக நின்றது.

வளையலை மீட்கும் பணத்தை நான் தருகிறேன் என்று கணவரிடம் சொன்னேன். வேண்டாம் என்றார். "பணம் இருக்கட்டும். பையனுக்குப் போன் பண்ணி அவங்கம்மா மேல தப்பில்லைன்னு சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டேங்கிறான்."

பெங்களூரில் இருக்கும் அந்த மகனுக்குப் போன் செய்தேன். மருந்தின் பெயர், டோஸ், தேதி, நான் சொன்ன பொய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குறுக்கே பேசவில்லை. முடிந்ததும் ஒன்று மட்டும் கேட்டார். "சட்டுனு நிறுத்தக் கூடாதுன்னு அன்னைக்கே உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும் என்றேன். போனை வைத்துவிட்டார். அந்த வாரக் கடைசியில் தாம்பரம் வந்து அம்மாவைப் பார்த்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அங்கே என்ன பேசிக்கொண்டார்கள் என்பது எனக்குத் தெரிய வேண்டியதில்லை.

டீச்சர் இப்போது ராத்திரிக்கு 0.125 ஒன்று மட்டும் எடுக்கிறார். மணிக்கட்டு முழுசாக மடங்குவதில்லை. கடைசி மாத்திரையை விடும்போதுதான் கஷ்டம் அதிகம் என்பதால் வெயில் காலம் போகட்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். இந்த விவரம் அவருடைய கணவர் சொல்லித் தெரிந்தது. மருந்தை அவர்கள் செம்பாக்கத்தில் வேறொரு கடையில் வாங்குகிறார்கள்.