மேக்கால இருந்து வந்த தண்ணி

அவலாஞ்சி ஏரியைப் பார்த்ததும் என் வாயில் வந்த சொல் 'கொளம்'. "எவ்ளோ பெரிய கொளம்!" என்றுவிட்டேன். பக்கத்தில் நின்ற மகள் சிரித்தாள். "அப்பா, இது ஏரி. கொளம்னா நம்மூர்ல இருக்குதே, பசங்க கிரிக்கெட் ஆடறது, அதானே?"

அவள் சொன்னதில் தப்பில்லை. அவிநாசிப் பக்கம் பிறந்தவர்களுக்குக் குளம் என்பது கரை கட்டிய ஒரு மைதானம். நடுவில் சீமைக்கருவேல் மண்டியிருக்கும். ஓரமாக ஆடு மேயும். மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும், பந்து அந்த வெடிப்பில் போய்ச் சிக்கிக்கொள்ளும். நான் ஆடிய அதே இடத்தில்தான் இன்றைய பையன்களும் ஸ்டம்பு நடுகிறார்கள். மதகு என்று ஒன்று உண்டு. அதன் கல்மேல் உட்கார்ந்து ஸ்கோர் எழுதுவோம். அது எதற்குக் கட்டியது என்று எங்களில் ஒருவனும் கேட்டதில்லை.

கேள்வி கேட்டது வேறொரு குளத்தைப் பற்றி. அம்மாயி முதலைக் கதை சொல்லும்போதெல்லாம் கேட்பேன். அவிநாசியில் வளர்ந்த எந்தக் குழந்தைக்கும் அந்தக் கதை தெரியும். சுந்தரர் எங்கள் ஊர் வழியாக வருகிறார். ஒரு வீட்டில் பையனுக்குப் பூணூல் கல்யாணம், மேளச் சத்தம். எதிர் வீட்டில் அழுகை. அந்த வீட்டுப் பையன் சில வருஷங்களுக்கு முன்னால் குளத்தில் குளிக்கப் போனபோது முதலை விழுங்கிவிட்டது. இருந்திருந்தால் அவனுக்கும் இன்று பூணூல் போட்டிருப்பார்கள். சுந்தரர் குளத்தங்கரைக்குப் போய்ப் பதிகம் பாடுகிறார். எங்கள் ஊரில் சொல்கிறபடி, அப்போது குளம் வறண்டு கிடந்தது. பாடப் பாடத் தண்ணீர் வந்து நிறைகிறது. முதலை வருகிறது. விழுங்கிய பிள்ளையை, அத்தனை வருஷ வளர்த்தியோடு, கரையில் உமிழ்ந்துவிட்டுப் போகிறது. தாமரைக்குளம் இன்றும் இருக்கிறது.

முதலை பையனைத் திருப்பிக் கொடுத்ததை நான் உடனே நம்பிவிட்டேன். எனக்கு இடித்தது தண்ணீர்தான். "அம்மாயி, மொதல வந்துச்சு, செரி. தண்ணி எங்கிருந்து வந்துச்சு?"

அம்மாயி கொஞ்சமும் யோசிக்க மாட்டாள். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கையை நீட்டுவாள். "மேக்கால இருந்து கண்ணு."

மேற்கே, தென்னந்தோப்புக்கு மேலே, துடைத்துவிட்டாற்போல வானம் இருக்கும் நாட்களில் நீலமாக ஒரு கோடு தெரியும். ஆடி மாதத்தில் அந்தக் கோட்டின்மேல் மேகம் வந்து உட்கார்ந்துகொள்ளும். ராத்திரியில் மின்னும். இடி கேட்காது. எங்களுக்கு வருவதெல்லாம் ஓட்டைப் பெயர்க்கிற ஆடிக் காற்று. "மழ அங்க பேயுது, காத்து இங்க வருது" என்பாள் அம்மாயி. பக்கத்து வீட்டில் விருந்து நடக்க, வாசனை மட்டும் நமக்கு வந்தால் எப்படிச் சொல்வோமோ அப்படி. மலை மழையை மறித்துக்கொள்ளும் சங்கதியைப் பள்ளிக்கூடத்தில் 'மழை மறைவுப் பிரதேசம்' என்று பிற்பாடு படித்தேன். அம்மாயி சொன்னது அதைவிடச் சுருக்கமாக இருந்தது.

அவள் அந்த மலையில் ஒருநாளும் ஏறியதில்லை.

நாங்கள் ஏறியது 2024 மே மாதம். நீலகிரிக்கு இ-பாஸ் கட்டாயமாகிச் சில நாட்கள்தான் ஆகியிருந்தன. விடியுமுன்னே கிளம்பி, அன்னூரில் டீ குடித்து, மேட்டுப்பாளையத்தில் பாஸைக் காட்டி, குன்னூர், ஊட்டி, எமரால்டு என்று போய்ச் சேர்வதற்குள் வெயில் ஏறிவிட்டது. வெயில் என்றாலும் அது மலை வெயில். முதுகில் சுட்டு முகத்தில் குளிர்ந்தது. அவலாஞ்சியில் நம் வண்டியை நிறுத்திவிட்டு, டிக்கெட் வாங்கி, வனத்துறை வேனில்தான் காட்டுக்குள் போக வேண்டும்.

வேன் குலுக்கிக் குலுக்கி ஏறியது. மலை மடிப்புகளில் மட்டும் மரங்கள் அடர்ந்து, மேடெல்லாம் வெறும் புல். ஓரிடத்தில் சோலையின் தலைகள் உருண்டு திரண்டு நின்றதைக் காட்டி 'காலிஃபிளவர் சோலை' என்றார் ஓட்டுநர். மகளுக்கு அந்தப் பெயர் பிடித்துப்போனது. எனக்கு அந்தப் புல்மேடுகள்மேல் கண். எங்கள் ஊராக இருந்தால் 'சும்மா கிடக்கிற பூமி' என்போம். வெள்ளைக்காரர்களும் பின்னால் வந்தவர்களும் அப்படித்தான் நினைத்து, சீகை மரத்தையும் கற்பூர மரத்தையும் கொண்டுவந்து நட்டார்கள். புல்லும் சோலையும் சேர்ந்து பெய்த மழையைப் பஞ்சு மாதிரி உறிஞ்சி வைத்து, மாதக்கணக்கில் சொட்டுச் சொட்டாக விடுகிற வேலையைச் செய்கின்றன என்பது வெகுகாலம் யார் கணக்கிலும் வரவில்லை.

அங்கே மழை பெய்கிற விதமும் எங்கள் கணக்குக்குள் அடங்காது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. எங்கள் ஊர் ஒரு வருஷம் முழுக்க அண்ணாந்து பார்த்தாலும் அத்தனை கிடைக்காது. அவலாஞ்சி என்ற பெயரே 1823இல் நடந்த பெரும் நிலச்சரிவால் வந்தது என்கிறார்கள். நாங்கள் போனது கோடையானதால் ஏரி இறங்கிக் கிடந்தது. தண்ணீருக்கும் புல்லுக்கும் நடுவே செம்மண் வளையம் ஒன்று, துணி துவைத்த இடத்துச் சாயக்கறைபோல. இயற்கை ஏரி என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அந்த வளையம்தான் உண்மையைச் சொன்னது. இது அணை. குந்தா நீர்மின் திட்டத்துக்காகக் கட்டியது.

வேன் பவானியம்மன் கோயில் வரை போனது. சின்னக் கோயில், பக்கத்திலேயே ஓடைச் சத்தம். "இதுக்கு அந்தப்பக்கம் அப்பர்பவானி டேமுங்க. அதையொட்டி முக்கூர்த்தி" என்றார் ஓட்டுநர். முக்கூர்த்தி தேசியப் பூங்கா, 78 சதுர கிலோமீட்டர் புல்லும் பாறையும் சோலையுமாக, வரையாட்டுக்கென்றே ஒதுக்கிய பூமி. நினைத்தபடி யாரும் உள்ளே போய்விட முடியாது. மகள் வரையாடு தெரிகிறதா என்று எட்டி எட்டிப் பார்த்தாள். நான் 'பவானி' என்ற சொல்லிலேயே நின்றுவிட்டேன்.

ஏனென்றால் எங்கள் வீட்டில் அந்தப் பெயரோடு ஒட்டிக்கொண்ட இன்னொரு பெயர் உண்டு. அத்திக்கடவு. பவானித் தண்ணீரை எங்கள் குளங்களுக்குக் கொண்டுவருவோம் என்று சொல்லிவந்த திட்டம். எங்கள் வீட்டில் அது ஒரு கால அளவு. மாமன் கடனைத் திருப்பிக் கொடுப்பது எப்போது? அத்திக்கடவுத் தண்ணி வந்தப்புறம். பெரியவன் மில் வேலையை விட்டுவிட்டுப் பண்ணையம் பார்ப்பது எப்போது? அத்திக்கடவுத் தண்ணி வந்தப்புறம். நடக்காது என்பதை மரியாதையாகச் சொல்லும் வழி அது. ஒவ்வொரு தேர்தலிலும் சுவரில் அந்தப் பெயரை எழுதுவார்கள். அடுத்த தேர்தலுக்கு அதன்மேலேயே சுண்ணாம்பு அடித்துத் திரும்ப எழுதுவார்கள். அறுபது வருஷத்துக் கோரிக்கை. 2016 பிப்ரவரியில் அவிநாசியில் காலவரையற்ற உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். அம்மாயி அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

திரும்பும்போது குன்னூர் வழி வேண்டாம், மஞ்சூர், கெத்தை வழியாக இறங்கலாம் என்றேன். 43 கொண்டை ஊசி வளைவுகள். மனைவிக்குத் தலைசுற்றல், மகளுக்குத் தூக்கம். எனக்கு மட்டும் மலைச்சரிவில் இறங்கிய ராட்சதக் குழாய்கள் விடாமல் கதை சொல்லிக்கொண்டு வந்தன. அப்பர்பவானித் தண்ணீர் மலையைக் குடைந்து அவலாஞ்சிப் பக்கம் வருகிறது. எமரால்டோடு சேர்ந்து குந்தாவுக்கு இறங்குகிறது. அங்கிருந்து கெத்தை, பரளி, கடைசியில் பில்லூர். ஒவ்வொரு இறக்கத்திலும் ஒரு மின்நிலையம். மனிதன் குறுக்கே நிற்காத பவானியோ தெற்கே இறங்கிக் கேரளத்துக்குள் போய், முக்காலிப் பக்கம் சட்டென்று திரும்பி, அட்டப்பாடி வழியாக மறுபடி நம் பக்கம் வருகிறது. கோபித்துக்கொண்டு போன பெண் பாதி வழியில் மனம் மாறித் திரும்பியதுபோல.

அந்த வளைவுகளில்தான் ஒன்று உறைத்தது. மலைத் தண்ணீர் எங்களுக்கு வராமல் இல்லை. கரண்டாக எப்போதோ வந்துவிட்டது. 1930களில் பைக்காராவிலிருந்து, பிறகு குந்தாவிலிருந்து. அந்தக் கரண்டில்தான் கோயமுத்தூர் மில்கள் ஓடின, விசைத்தறிகள் ஓடின. கவலை இறைத்த மாடுகளை அவிழ்த்துவிட்டுக் கிணற்றில் மோட்டார் இறக்கினோம். கிணறு வற்றியது, போர் போட்டோம். நூறடி இருநூறானது, பிறகு ஆயிரமானது. மேற்கிலிருந்து கம்பி வழியே வந்த தண்ணீரைக்கொண்டு காலடியில் இருந்த தண்ணீரை இறைத்துத் தீர்த்திருக்கிறோம். வெள்ளியங்காடு வந்து சமவெளிக் காற்று முகத்தில் அடிக்கும்வரை நான் பேசவில்லை. "ஒடம்பு செரியில்லீங்களா?" என்று மனைவி கேட்டாள்.

மூன்று மாதம் கழித்து, 2024 ஆகஸ்ட் 17 அன்று, அத்திக்கடவு - அவிநாசித் திட்டத்தைத் திறந்துவைத்தார்கள். மூன்று மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளுக்கு ஒன்றரை டி.எம்.சி. தண்ணீர். பெயரில்தான் அத்திக்கடவு இருக்கிறது. தண்ணீர் எடுப்பது வெகு கீழே, பவானி ஊருக்குப் பக்கத்தில், காலிங்கராயன் அணைக்கட்டைத் தாண்டி வருகிற உபரியில். பில்லூர், மேட்டுப்பாளையம், பவானிசாகர் எல்லாம் கடந்து, எல்லாருக்கும் கொடுத்தது போக மிஞ்சியதை, 6 நீரேற்று நிலையங்கள் வைத்து மேட்டுக்கு ஏற்றுகிறார்கள். ஏற்றுவதும் கரண்டுதான். ஆற்றில் மிச்சம் இருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. கடைப்பந்தியில் உட்கார்ந்தவனுக்கு என்ன கோபம் வேண்டிக்கிடக்கிறது?

எங்கள் குளத்துக்கும் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிப் போனேன். கரையோரம் குழாயின் வாய். தண்ணீர் ஒன்றும் ஆர்ப்பாட்டமாக வரவில்லை. தோட்டத்து மோட்டார்போலத்தான் கொட்டியது. வெடித்த மண் முதலில் சத்தமில்லாமல் குடித்துக்கொண்டே இருந்ததாம், இரண்டு நாள் கழித்துத்தான் தேங்கியதாம். பையன்கள் ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு கரைமேல் ஏறியிருந்தார்கள். சீமைக்கருவேல் இடுப்பளவு தண்ணீரில் முழித்துக்கொண்டு நின்றது. மதகுக் கல்லில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் கையை நனைத்து நெற்றியில் தடவிக்கொண்டார்.

"மொதல வருமாப்பா?" என்றாள் மகள். கதையை அவளுக்கு எப்போது சொன்னேன் என்று நினைவில்லை.

"வராது."

"செரி, தண்ணி எங்கிருந்து வருது?"

குழாய் வந்திருந்தது கிழக்கே இருந்து. பவானி எங்களுக்குக் கிழக்கேதான், கொஞ்சம் வடக்குத் தள்ளி. எனக்கு அது நன்றாகவே தெரியும். ஆனாலும் கை தன்னால் நீண்டது, தென்னந்தோப்புக்கு மேலே.

"மேக்கால இருந்து கண்ணு."

மேகம் உட்கார்ந்திருந்ததால் அன்று மலை தெரியவில்லை. அவள் அந்தப் பக்கமே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.