கடலோரம் ஒரு மரவீடு

கடற்கரையில் வீடு வேண்டும் என்ற ஆசை எனக்கு நெடுநாளாக உண்டு; அதுவும் மரவீடு. கேட்கிற இஞ்சினீயர் நண்பர்கள் சிரிக்கிறார்கள். "உப்புக்காற்றில் மரம் எத்தனை நாள் ஐயா நிற்கும்? கான்கிரீட் போடுங்கள்" என்கிறார்கள்.

உப்புக்காற்று கான்கிரீட்டை மட்டும் சும்மா விடுகிறதா? நுண்துளை வழியே உள்ளே போய்க் கம்பியைப் பிடித்துக்கொள்கிறது. துருவுக்கு இரும்பைவிட அதிக இடம் வேண்டும். கிடைக்காதபோது சிமெண்டைப் பிளந்துவிடும். மரத்துக்கு அந்த வியாதி இல்லை. அதன் பகை ஈரமும் கரையானும். கருங்கல் தூண்களின் மேல் தூக்கி நிறுத்திக் காற்றோட்டம் கொடுத்தால் பாதிப் பகை தீர்ந்தது. சாதாரண இரும்பாணி வேண்டாம், மரமுளை போதும். புயலைத் தாங்க வேண்டிய மூட்டுகளுக்கு மட்டும் துருவேறாத எஃகு. கூரை நாலு பக்கமும் தாழ்ந்து சரியட்டும். காற்றுக்குப் பிடி கொடுக்கக் கூடாது.

சரி, எந்த மரம்? வைரம் பாய்ந்த பனைக்கு ஈடில்லை. ஆனால் செங்கற்சூளைக்குப் போன பனைகள் போதாதா, என் ஆசைக்கும் வெட்டுவானேன்? காரைக்குடியில் பிரித்த பழைய வீடுகளின் தூணும் உத்தரமும் விலைக்குக் கிடைக்கின்றன. பர்மாவிலிருந்து என்றோ வந்த தேக்கு. அதை வாங்கினால் புதிதாக ஒரு மரமும் சாய வேண்டியதில்லை.

மரத்தைவிடப் பெரிய கேள்வி இடம். அலை தெரிய வேண்டும் என்று மணல்மேட்டை வெட்டிச் சமன் செய்கிறவர்கள் உண்டு. அடம்பங்கொடியும் ராவணன் மீசையும் பிடித்து வைத்திருக்கும் அந்த மேடுதான் ஊருக்கு மதில். 2004 டிசம்பர் 26-க்குப் பிறகும் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறதே! 1991-ஆம் ஆண்டின் அறிவிப்பு, கிராமக்கரையில் உச்ச அலைக்கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாதென்றது. 2019-ல் ஜன நெருக்கம் மிகுந்த கிராமங்களுக்கு அது 50 மீட்டராகச் சுருங்கியது. சட்டம் சுருங்கியதைக் கடல் கவனித்ததாகத் தெரியவில்லை. தவிர, அந்த மணல் வலை உலர்த்துகிறவனுக்கும் படகு ஏற்றுகிறவனுக்கும் தொழிற்கூடம். என் வராந்தா அவன் வழியை மறிக்கலாமா?

ஆகவே மேட்டுக்குப் பின்னால், தள்ளியே கட்டுவேன். அலை கண்ணில் படாது. ஓசை கேட்கும், போதும். கடல் நெருங்கி வந்தால் கான்கிரீட் வீட்டுக்காரர் கல்லைக் கொட்டி அதனோடு வழக்காடுவார்; அரிப்பு அடுத்த ஊர்க்கரைக்குப் போகும். நான் முளைகளைக் கழற்றி, வண்டியில் ஏற்றிக்கொண்டு, கடலுக்கு அதன் இடத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புறப்படலாம்.