இரண்டு துறைகளுக்கு நடுவே

உங்கள் வீட்டுப் பிள்ளை கலைப் பட்டம் முடித்துவிட்டு, "தமிழும் அரபும் வரலாறும் கலந்த ஆராய்ச்சி செய்யப் போகிறேன்" என்று வந்து நின்றால் என்ன சொல்வீர்கள்? "அது எந்தத் துறை? அதற்கு எங்கே வேலை?" என்றுதான் கேட்பீர்கள். மர்ஹூம் என் வாப்பா அவர்களும் அவ்வாறே கேட்டார்கள். அன்று என்னிடம் விடையில்லை. இன்றும் முழு விடை இருப்பதாகச் சொல்ல மாட்டேன். நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

உம்மாவின் தாயார் 1999-இல் வஃபாத்தானார்கள். நாற்பதாம் நாள் கழிந்தபின் அவர்களுடைய மரப்பெட்டியைத் திறந்தோம். துணிகளுக்கு அடியில், செல்லரித்த தாள்கட்டு ஒன்று இருந்தது. வலமிருந்து இடமாக அரபு எழுத்துக்கள். கந்தலாகிப்போன குர்ஆன் ஏடுகளை மிதிபடாதவாறு கடலில் சேர்ப்பது எங்கள் ஊர் வழக்கம். மாமா அவர்கள் அந்தக் கட்டையும் அவ்வாறே எண்ணி, வெள்ளைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டார்கள். நான் சும்மா ஒரு தாளை உருவி, மதரஸாவில் பழகியபடி எழுத்துக் கூட்டி ஓதிப் பார்த்தேன். முதலில் வாயில் வந்த சொல் 'கொத்தமல்லி'!

அது குர்ஆன் ஏடன்று. அரபுத் தமிழில் எழுதிய வீட்டுக் குறிப்பேடு. மாமா அவர்கள் வாசற்படியில் நின்ற நிலை இன்றும் என் கண்முன் இருக்கிறது.

அரபுத் தமிழ் என்பது தனி மொழியன்று. தமிழை அரபு எழுத்தில் எழுதும் முறை. அரபியில் இல்லாத ட, ப, ள, ழ போன்ற ஒலிகளுக்காக, இருக்கும் எழுத்துக்களின் மேலும் கீழும் புள்ளிகளைக் கூட்டி நம் முன்னோர் புதிய எழுத்துக்களை அமைத்துக்கொண்டனர். மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்ற பெருமக்கள் மார்க்கச் சட்ட நூல்களையே இவ்வெழுத்தில் எழுதினார்கள். தமிழ் எழுத்தே அறியாத பெண்களும், ஓதப் பழகிய எழுத்தைக் கொண்டு தம் வீட்டுக் கணக்கை எழுதினார்கள். என் பாட்டியாரும் அவ்வாறு எழுதியவர்களே. அவர்களை 'எழுதப் படிக்கத் தெரியாதவர்' என்றுதான் நாங்கள் அதுநாள்வரை சொல்லி வந்தோம்!

அப்போது நான் தமிழில் முதுகலை முடித்திருந்தேன். அந்த ஏட்டையும் அது போன்ற பிற ஏடுகளையும் ஆராய வேண்டும் என்ற ஆசையுடன் ஒரு பல்கலைக்கழகத்தின் தமிழ்த் துறைக்குச் சென்றேன். "இதைத் தமிழெழுத்தில் பெயர்த்துக் கொண்டு வாருங்கள், பிறகு பார்க்கலாம்" என்றார்கள். பெயர்ப்பதுதானே ஆராய்ச்சியின் பாதி! அரபுத் துறையில், "இதில் அரபு மொழி எங்கே இருக்கிறது?" என்று தாளைத் திருப்பித் தந்தார்கள். வரலாற்றுத் துறையில் தேநீர் மட்டும் கிடைத்தது. இவ்வாறே ஒன்றரை ஆண்டு கழிந்தது. இறுதியில் தமிழ்ப் பேராசிரியர் ஒருவரை நெறியாளராகவும், அரபுப் பேராசிரியர் ஒருவரை இணை நெறியாளராகவும் கொண்டு 2003-இல் பதிவு செய்தேன். ஓர் இயலுக்கு இருவரும் ஒப்பமிட வேண்டும். ஒருவர் 'விரிவாக எழுதுக' என்ற இடத்தில் மற்றவர் 'நீக்குக' என்று குறித்திருப்பார்.

ஏடு என்னைப் படுத்திய பாடும் சிறிதன்று. பாட்டியார் அவசரத்தில் ஒரு புள்ளியை விட்டுவிட்டால் 'ட' என்பது 'த' ஆகிவிடும். 'கறவை மாது' ஒன்றை விலை பேசி வாங்கியதாகப் படித்துவிட்டு இரண்டு நாள் உறக்கமின்றித் தவித்தேன். அது மாடு என்று தெளிந்தபோது சிரிப்பை அடக்க முடியவில்லை. நாட்களையோ ஹிஜ்ரியிலும் கொல்லம் ஆண்டிலும் மாறி மாறிக் குறித்திருந்தார்கள். பிறை கண்டு மாதம் பிறந்த ஊரில், அச்சிட்ட அட்டவணையை மட்டும் நம்பி ஹிஜ்ரி நாளைக் கணக்கிட்டால் ஒரு நாள் முன்பின்னாகும். கொல்லம் தேதி உடனிருந்தால்தான் சரிபார்க்கலாம். மருந்துச் சரக்குகளின் பெயருக்கு நாட்டு வைத்தியரிடம் போய் நின்றேன். எந்தத் துறையும் தனியே எனக்கு உதவவில்லை. எதை விட்டாலும் நடக்கவில்லை.

இத்தகைய ஆய்வு வீண் என்று எண்ண வேண்டாம். 1572-இல் எழுந்த 'ஆயிரம் மசலா'வை, அதே கதையின் ஜாவா, மலாய் வடிவங்களோடு வைத்து ஒப்பிட்ட ரோனித் ரிச்சி என்பாரின் ஆங்கில நூலைச் சிக்காகோ பல்கலைக்கழகம் 2011-இல் வெளியிட்டது. மும்மொழி அறிந்தவரால்தான் அதை எழுத முடிந்தது. நம் சமுதாயத்திலும் இலங்கைப் பேராசிரியர் ம.மு. உவைஸ் அவர்கள் தம் வாழ்நாளையே இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்திற்குக் கொடுத்தார்கள்.

ஆயினும் வாப்பா அவர்களின் இரண்டாவது கேள்வியை நான் மறைக்கலாகாது. கல்லூரி ஆசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வில் தமிழ் ஒரு பாடம், அரபு வேறொரு பாடம், அரபுப் பண்பாடும் இஸ்லாமியவியலும் இன்னொன்று, ஒப்பிலக்கியம் மற்றொன்று. நீங்கள் ஒன்றில்தான் அமர வேண்டும். நேர்காணலிலோ முதுகலைப் பட்டம் 'தொடர்புடைய பாடத்தில்' உள்ளதா என்றே முதலில் பார்ப்பார்கள். எனக்கு வேலை தந்தது முனைவர் பட்டமன்று, பழைய தமிழ் முதுகலைப் பட்டமே. ஆகவே கலப்பு ஆய்வில் இறங்கும் பிள்ளை, முதுகலையையேனும் ஒரே பாடத்தில் உறுதியாக முடித்திருத்தல் நலம். எம்.ஃபில். பட்டத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் நிறுத்திவிட்டது. சிறுபான்மை மாணவர்களுக்கென 2009-இல் தொடங்கிய மௌலானா ஆசாத் உதவித்தொகையும் 2022-23 முதல் புதியவர்களுக்கு இல்லை. தகுதித் தேர்வின் வழியே கிடைக்கும் இளநிலை ஆய்வு உதவித்தொகையைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. ஏழைக் குடும்பத்துப் பெண் பிள்ளைக்கு இது பெரிய மலை. வாப்பா அவர்கள் பிடிவாதத்தால் மறுக்கவில்லை. ஐந்தாறு ஆண்டுகள் வருமானமின்றி மகள் நிற்பாளே என்றுதான் அஞ்சினார்கள். 2006-இல் அவர்கள் மறையும்போது என் ஆய்வு பாதியில் இருந்தது.

2008-இல் ஏட்டின் கடைசித் தாள்களுக்கு வந்தேன். நீர் பட்டு மங்கிய ஒரு பக்கத்தில் நான்கே வரிகள். ஹிஜ்ரி 1347, ரபீஉல் அவ்வல். கொல்லம் 1104, ஆவணி. ஓர் ஆண் குழந்தை பிறந்ததும் அதற்கு இட்ட பெயரும். ஆறு நாள் கழித்து, குழந்தையை அடக்கிய செய்தி. கணக்கிட்டுப் பார்த்தால் 1928. உம்மா பிறப்பதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் முன்பு.

வீட்டிற்கு வந்து உம்மாவிடம் படித்துக் காட்டினேன். தமக்கு ஒரு காக்கா இருந்ததை அறுபத்தேழு வயதில்தான் உம்மா அறிந்தார்கள். பாட்டியார் ஒருநாளும் வாய் திறந்து சொன்னதில்லையாம். உம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "பேரு என்னண்டு போட்டிருக்கு? இன்னொரு தடவ படிம்மா" என்றார்கள்.

நான் மீண்டும் படித்தேன்.