பனிக்குடத்தில் கை வைக்காதே

மலாவியில் பிரசவ வார்டு வேலைக்குக் கிளம்பும்போது, எச்ஐவி என்றால் எனக்குப் பயமில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் போனேன். பயம் இருந்தது. ஊசி குத்திவிட்டால் 72 மணி நேரத்துக்குள் மருந்தைத் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும் என்பதெல்லாம் பாடமாகத் தெரியும். தெரிந்தால் மட்டும் கை நடுங்காதா? கையுறைக்கு மேல் இன்னொரு கையுறை மாட்டிக்கொள்வேன்.

அங்கிருந்த மூத்த மருத்துவச்சி என் பயத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. அவசரத்தைத்தான் அடக்கினார். வலி மந்தமானால் பனிக்குடத்தை உடைப்பது, தலை தெரிந்ததும் கத்தரிக்கோலை எடுப்பது எனக்குப் பழகிப்போன வேலை. வைரஸ் அடங்காத தாய்க்குக் காரணமில்லாமல் இரண்டும் கூடாது. நீர் உடைந்து நேரமாக ஆக, பிள்ளைக்குத் தொற்றும் ஆபத்து கூடும். சும்மா நிற்பதும் ஒரு வேலை என்பது அங்கேதான் பிடிபட்டது.

மருந்தே இல்லாவிட்டால், தாய்ப்பால் காலத்தையும் சேர்த்து, நூற்றில் 15 முதல் 45 பிள்ளைகளுக்குத் தொற்றும். தாய் ஒழுங்காக மருந்து எடுத்தால் 5-க்கும் கீழே இறங்கிவிடும். கர்ப்பிணிக்கு எச்ஐவி என்றால் ரத்த அணு எண்ணிக்கைக்குக் காத்திராமல் ஆயுளுக்கும் மருந்து என்று 2011இல் முதலில் துணிந்தது மலாவிதான். ஆய்வுக்கூடம் இல்லாத கிராமங்களுக்கு அதுதான் சரி. உலக சுகாதார நிறுவனம் 2013இல் அதையே பரிந்துரைத்தது.

மாமியாருக்குத் தெரியாமல் மருந்து சாப்பிடும் பெண்கள் அங்கே நிறைய. துணைக்கு வந்திருப்பவரோ அதே மாமியார். பிள்ளையின் வாயில் நான் தொற்றைத் தடுக்கும் நெவிரபின் சொட்டு விடும்போது, "அது என்ன மருந்து?" என்று ஒரு பாட்டி கேட்டார். தாய் என் முகத்தையே பார்த்தாள். மருத்துவச்சி குறுக்கே வந்தார். "பிள்ளைக்கு நல்லதும்மா. ஆறு வாரம் ஒருநாள்கூட விடக்கூடாது. நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்."

அடுத்தது கஞ்சிச் சண்டை. தாய்ப்பாலோடு தண்ணீரும் கஞ்சியும் கலந்து கொடுத்தால் தொற்று கூடும். ஆனால் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்பது எல்லாத் தாய்மாருக்கும் உள்ள விதி. அதனால் ரகசியத்தை உடைக்காமலே சொல்லலாம். "இந்த வெயிலில் பிள்ளைக்குத் தாகம் எடுக்காதா?" என்று பாட்டி விடவில்லை. மருத்துவச்சி பெஞ்சில் உட்கார்ந்து நிதானமாக வாதாடினார்.

ஆறாம் வாரம் பிள்ளைக்குத் தொற்று இருக்கிறதா என்று பார்க்கக் குதிகாலில் ரத்தம் எடுக்க வரும்போது, மருந்து பாட்டிலைக் கையில் பிடித்தபடி முதலில் நிற்பவர்கள் பெரும்பாலும் இந்தப் பாட்டிகள்தான். கணவன்மார் வந்து நான் பார்த்தது அபூர்வம்.